ஃபெஸ்டிக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

ஊனாவின் குரலைத் தெரியாதவர்கள் அந்தக் கரையில் இல்லை. தீவில் பிறந்தவள். அலைக்கு மேலே கேட்கும்படி பேசிப் பேசி வளர்ந்த தொண்டை. கோல்மனைக் கட்டிக்கொண்டு கானமாராக் கரைக்கு வந்த பிறகும் அது அடங்கவில்லை. மாடு மலைச்சரிவில் எந்த மூலையில் நின்றாலும் சரி, வீட்டின் பக்கச் சுவரோரம் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வந்துவிடும். பக்கத்து வீட்டு ஸபீனாவின் மாடும் கூடவே வந்துவிடும். அதற்கென்று இரண்டு வீட்டுக்கும் நடுவே தனியாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை பெரிய குரல் இருந்தும் ஒரு பெயரைக் கூப்பிட மட்டும் அதற்கு வழியில்லாமல் போயிற்று. மூத்த மகன் ஃபெஸ்டியின் பெயர் அது.

முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள முறை. கோல்மனின் அப்பா ஃபெஸ்டி. ஆகவே மூத்தவனும் ஃபெஸ்டி. அவன் மூன்று வயதில் சிவப்புக் கம்பளிப் பாவாடையோடு முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது டீலியா வந்தாள். பையன்களுக்கு ஏன் பாவாடை என்றால், முள்மரத்து மேட்டில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிற மாயக் கூட்டத்தாருக்கு ஆண்பிள்ளை மேல்தான் ஆசை. எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடட்டும் என்றுதான் பாவாடை. டீலியாவுக்கு அந்தப் பாவாடை தடையாக இருக்கவில்லை.

டீலியா கோல்மனின் அக்கா. மலைக்கு அந்தப் பக்கம் மைல்ஸ் என்கிறவரைக் கட்டிக்கொண்டவள். நல்ல புல்வெளி, குதிரை, ஓடு வேய்ந்த வீடு, எல்லாம் இருந்தது. பிள்ளை இல்லை. தம்பி வீட்டிலோ கல்லும் கடலும்தான். "கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும், நீயும் உடம்பைத் தேத்திக்கோ" என்றாள். அப்போது ஊனா அடுத்த பிரசவத்தில் காய்ச்சலாகக் கிடந்தாள். அந்தப் பக்கங்களில் இப்படி எத்தனையோ பிள்ளைகள் அத்தை வீட்டில், பெரியப்பா வீட்டில் வளர்ந்திருக்கிறார்கள், நிலத்துக்கு வாரிசாகியிருக்கிறார்கள். யாரும் அதைத் தப்பாகச் சொல்வதில்லை. ஊனாவும் சரி என்றுதான் சொன்னாள்.

கொஞ்ச நாள் வருஷங்களாயிற்று. மைல்ஸின் அப்பா பெயர் ஜாக். நிலம் ஜாக்கிடமிருந்து வந்தது, அதை ஆளப்போகிறவனும் ஜாக்காகவே இருக்கட்டும் என்று அந்த வீட்டில் பையனை ஜாக் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்திலும் ஜாக். சந்தையில் பார்க்கிறவர்களுக்கும் ஜாக். "பெத்தவங்க யாருன்னு விவரம் தெரியுற வயசுல நானே சொல்லிக்கிறேன்" என்று டீலியா கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபெஸ்டி என்கிற பெயர் ஊனாவின் வாய்க்குள் மட்டும் மிச்சமிருந்தது. இடையில் பிறந்தவை இரண்டும் பெண்கள். அவற்றைக் கூப்பிடும்போதெல்லாம் முன்னால் அந்தப் பெயர் வந்து நிற்கும், அவள் விழுங்கிவிட்டுப் பிறகு கூப்பிடுவாள்.

நான்காவது முறை வயிறு தெரிய ஆரம்பித்ததும், இது பையன்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எப்படித் தெரியும் என்றால் தெரியும், அவ்வளவுதான்.

"அப்ப உங்கப்பா பேரு. தைக்" என்றான் கோல்மன், வலையைத் தைத்துக்கொண்டே. "கிழவர் மேலே இருந்து சந்தோஷப்படுவாரு."

"தைக் வேண்டாம்."

"என்ன வேண்டாம்? உங்கண்ணன் என் காலை ஒடிப்பான்."

"எங்கப்பா பேரைச் சொல்ல நான் இருக்கேன். நீ சொல்லிப் பாரு. ஃபெஸ்டி, தைக். மேட்டுல இருந்து கல்லு உருண்டு வந்து டப்புன்னு நின்ன மாதிரி இல்ல?"

"ஃபெஸ்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவன்தான் இங்கே இல்லியே."

ஊனா அடுப்புக் கரியைக் கிளறினாள். சம்பந்தம் அதுதான். ஒருவன் பெயரைச் சொன்னால் இன்னொருவன் பெயர் தானாக நாக்கில் வரவேண்டும். ஊர்க்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் யாருடைய அண்ணன் என்பதை எந்த ஜாக்கும் வந்து அழித்துவிட முடியாது. நிலம் அவனுக்குக் கிடைக்கட்டும், அவள் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. அண்ணன் தம்பி என்கிற அந்த ஒன்று போய்விடக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சாப்பாட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி பக்கச் சுவரோரம் போய் நின்றுகொண்டு கூப்பிட்டுப் பார்த்தாள்.

"ஃபெஸ்டீ! தாமஸ்!"

சரியில்லை.

"ஃபெஸ்டீ! மார்க்கஸ்!"

அதுவும் இல்லை. காற்று இரண்டாவதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. தினமும் சாயங்காலம் மாட்டைக் கூப்பிடுகிற நேரத்தில் இதுவும் நடந்தது. கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல் ஸபீனா வேலிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏண்டி ஊனா, பைத்தியம் கியித்தியம் பிடிச்சுப்போச்சா? பிறக்காத பிள்ளையைப் பேர் சொல்லிக் கத்துறியே. ஞானஸ்நானத் தண்ணி ஊத்துற வரைக்கும் பேரை வாயில எடுக்கக் கூடாதுன்னு உங்க தீவுல யாரும் சொல்லித் தரலியா?"

"எங்க தீவுல அலைச் சத்தத்துல யாருக்கும் ஒண்ணும் கேக்காது."

"இங்கே கேக்கும். எனக்கே கேக்குது, மேட்டுல இருக்கிறவங்களுக்குக் கேக்காதா?"

"உன் மாட்டுக்குக்கூடத்தான் கேக்குது. அதுக்கு என்ன பேர் வைக்கலாம் சொல்லு."

ஸபீனா சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஊனாவுக்கும் அந்த முறை தெரியாமல் இல்லை. ஆனால் அவள் பிடித்தால் பிடித்ததுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பிக்குப் பெயர் தேடுகிற சாக்கில் மூத்தவன் பெயரை வாய் நிறையக் கூப்பிட அவளுக்கு வழி கிடைத்திருந்தது. ஐந்து வருஷமாக விழுங்கிய பெயர். அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

கடைசியில் ஒரு நாள், மழை விட்டு வளைகுடா கண்ணாடி மாதிரி கிடந்தபோது, கிடைத்தது.

"ஃபெஸ்டீ! பார்ட்லீ!"

எதிர்க் கரைப் பாறையில் பட்டு இரண்டும் ஒன்றாகத் திரும்பி வந்தன. ஒரே உயரம், ஒரே நீளம். ஒரு தட்டில் சாப்பிடுகிற இரண்டு பிள்ளைகள் மாதிரி இருந்தது. ஊனா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பிரசவ நாள் வரைக்கும் இந்த இரண்டையும்தான் கூப்பிட்டாள்.

விதை உருளைக்கிழங்கு நறுக்குகிற பருவத்தில் பிள்ளை பிறந்தது. பையன்தான். தொட்டிலுக்குக் குறுக்கே இரும்பு இடுக்கியை வைத்தார்கள், ஞானஸ்நானம் ஆகும்வரை இரும்புதான் காவல். சாமியார் வந்து ஆசீர்வாதம் சொல்லும்வரை பெற்றவள் வாசலைத் தாண்டக் கூடாது. பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப்போவதும், சாமியார் கேட்கும்போது பெயரைச் சொல்வதும் ஞானத்தாயின் வேலை. ஊனா யோசிக்கவே இல்லை. டீலியாவைக் கேட்டு ஆள் அனுப்பினாள்.

"அவளையா?" என்றான் கோல்மன்.

"அவ வந்தா தனியா வரமாட்டா."

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வலையைத் தைக்க உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீலியாவின் குதிரை வண்டி வந்து நின்றது. மைல்ஸ் வரவில்லை, மாடு கன்று போடும் நேரமாம். டீலியாவே கடிவாளத்தைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் பையன். கடையில் தைத்த கால்சட்டை, பளபளவென்று பூட்ஸ், தண்ணீர் தொட்டுச் சீவிய தலை. இறங்கியதும் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றான். நிற்கிற நிற்பு அப்படியே கோல்மன்.

ஊனா நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள்.

"ஃபெஸ்டி" என்றாள். அவளிடமிருந்து அத்தனை சின்னக் குரலை யாரும் கேட்டதில்லை.

பையன் திரும்பவில்லை. குதிரைக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டாள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனும் ஒரு முறை சுற்றும்முற்றும் பார்த்தான்.

"ஜாக், வந்து நல்லா இருக்கீங்களான்னு கேளு" என்றாள் டீலியா.

அவன் வந்து கையை நீட்டினான். "நல்லா இருக்கீங்களா அத்தை?"

"நல்லா இருக்கேன் ராசா" என்றாள் ஊனா. "வளந்துட்டே."

"மலைக்கு இந்தப் பக்கம் காத்து ரொம்ப அடிக்குது அத்தை. என் தொப்பி ரெண்டு தடவை பறந்துபோச்சு."

"பூ, இதெல்லாம் காத்தா? காத்து அடிச்சா தொப்பியோட நீயும் பறந்திருப்பே."

அவன் சிரித்தான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்தப் பல் எங்கே விழுந்தது, யார் எடுத்து வைத்தார்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது.

பிள்ளையைச் சால்வையில் சுற்றி டீலியாவின் கையில் கொடுக்கும்போது ஊனா சொன்னாள்: "பேரு பார்ட்லி. ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்கு மட்டுமா? இந்த ஜில்லாவுக்கே ஞாபகம் இருக்கு" என்றாள் டீலியா. அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் போனார்கள். கோல்மன் கூடப் போனான். ஞானத்தந்தையான ஊனாவின் அண்ணனும் தைக் என்கிற பெயர் கிடைக்காத கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஸபீனா, ஊனாவின் பெண்கள் இரண்டையும் தன் வீட்டில் விளையாட விட்டுவிட்டு வந்து, திராட்சை போட்ட கேக்கை இரும்புச் சட்டியில் வேகவைத்தாள். ஊனா நாற்காலியில் உட்கார்ந்து, கோயில் மணியைக் கேட்டாள். மணி அடித்தால் பேர் வைத்தாயிற்று. பார்ட்லி ஆகிவிட்டான், இனி ஃபெஸ்டியை யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது முதலில் உள்ளே நுழைந்தவர் அண்ணன். வழியில் ஒரு சாராயக் கடையில் இறங்கி வந்த வாசனை அடித்தது.

"உன் பிடிவாதத்துக்கு நல்லா வேணும்" என்றார். "தைக்கும் இல்ல, பார்ட்லியும் இல்ல. எங்கப்பனுக்குத்தான் குடுத்து வைக்கலன்னு பாத்தா உனக்கும் குடுத்து வைக்கல."

"என்ன உளறுறே?"

"ஃபெஸ்டின்னு வெச்சிருக்கா. நான் பக்கத்துலதானே நின்னேன். சாமியார் கேட்டாரு, இவ ஃபெஸ்டின்னா, அவரு தண்ணியை ஊத்திட்டாரு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

கோல்மன் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு கதவருகே நின்றான். "எங்கப்பா பேருதானே ஊனா. வீட்டுக்குத் திரும்பி வந்துடுச்சுன்னு நினைச்சுக்கோ" என்று மெல்லச் சொன்னான்.

ஊனா அவனைப் பார்க்கவில்லை. டீலியா பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"ஏன் அப்படிச் செஞ்சே?" என்றாள் ஊனா.

"நீ வேற வழி வெச்சியா?" என்றாள் டீலியா. "குளிர்காலம் பூரா மலை கேக்குற மாதிரி பார்ட்லி பார்ட்லின்னு கத்தியிருக்கே. எங்க சந்தையில வரைக்கும் பேசிச் சிரிக்கிறாங்க. தண்ணி படறதுக்கு முன்னாடியே மேட்டுக்காரங்க காதுல விழுந்த பேரை எடுத்துட்டுப் போய் இந்தப் பச்சை மண்ணு தலையில வைக்கச் சொல்றியா? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பேரைச் சொன்ன வாய் என் வாய்."

ஸபீனா கேக் சட்டியைப் பார்த்துக்கொண்டே "நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

"ஃபெஸ்டியையும்தான் கூடச் சேத்துக் கத்தினேன்" என்றாள் ஊனா.

"அது ஏற்கெனவே தண்ணி பட்ட பேரு. அதை யாரும் எடுக்க முடியாது."

"நீ எடுத்துட்டியே."

அடுப்பில் கரித்துண்டு ஒன்று சரிந்து விழுந்தது.

"சும்மாதானே கிடந்துச்சு அந்தப் பேரு" என்றாள் டீலியா. குரலில் பழைய உறுதி இல்லை.

"சும்மா கிடக்கல. என் வாயில இருந்துச்சு."

டீலியா பிள்ளைக்காகப் பயந்துதான் அப்படிச் செய்தாளா, தன் ஜாக்கைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து செய்தாளா? இரண்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. ஊனாவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பையனிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஒரு வார்த்தை போதும். பையன் அங்கேயே இருக்கிறான்.

அவன் தொட்டிலருகே முட்டி போட்டுக்கொண்டு, விரலைக் குழந்தையின் உள்ளங்கைக்குள் விட்டிருந்தான்.

"ஃபெஸ்டி" என்றான். "ஏ ஃபெஸ்டி. கண்ணைத் திற. ஃபெஸ்டிப் பயலே."

அந்தப் பெயரை அவன் வாயால் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. அவன் இங்கிருந்து போகும்போது அதைத் திருத்தமாகச் சொல்லக்கூட வராது, எச்சில் தெறிக்க ஏதோ சொல்வான். இப்போது எத்தனை அழகாகச் சொல்கிறான். வேறு ஒருவனுடையது என்று நினைத்துக்கொண்டு.

"நான்தான் மெழுகுவத்தி பிடிச்சேன் அத்தை" என்றான் நிமிர்ந்து. "அம்மா சாமியார்கிட்ட பேரைச் சொன்னப்ப எனக்குத்தான் முதல்ல கேட்டுது. இவன் கத்தவே இல்ல, தும்மினான். நல்ல பேருதானே அத்தை?"

டீலியா தேநீர்க் கோப்பையை வாயருகே பிடித்தபடி நின்றாள். அவள் ஊனாவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அந்தப் பணக்கார நாத்தனாரிடமிருந்து ஊனா பார்த்ததில்லை. வாசலில் மழையில் நிற்கிறவள் பார்க்கிற பார்வை.

"நல்ல பேருடா" என்றாள் ஊனா. "நான் வெச்ச பேருலயே நல்ல பேரு அதுதான்."

பையனுக்கு அது போதுமாக இருந்தது. மறுபடி குனிந்துகொண்டான். டீலியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

கேக் வெட்டினார்கள். ஆண்கள் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்கள். அண்ணனுக்குக் கோபம் குறைந்து பாட ஆரம்பித்தார், ஸபீனா அவரைப் பாடவேண்டாம் என்றாள், அவர் இன்னும் சத்தமாகப் பாடினார். டீலியா கிளம்புகிறேன் என்று எழுந்தபோது ஊனா அவளைக் கதவருகே நிறுத்தினாள்.

"நீ ஞானத்தாய். பிள்ளை எப்படி வளருறான்னு வந்து பாக்க வேண்டியது உன் கடமை. வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போறதெல்லாம் செல்லாது."

"வரேன். வரமாட்டேன்னா சொன்னேன்?"

"வரும்போது தனியா வரக் கூடாது."

டீலியா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பேரை நீ வெச்சாச்சு, இனி யாராலயும் மாத்த முடியாது" என்றாள் ஊனா. "நான் இந்தச் சுவத்தோரம் நின்னு ஃபெஸ்டின்னு கூப்பிட்டா இனிமே இவன்தான் வருவான். சரி. உன்கிட்ட இருக்கிறவனை நான் கேக்கல. ஒண்ணும் சொல்லவும் மாட்டேன், அதை நீயே சொல்லு. ஆனா இவனுக்கு அண்ணன் வேணும். ஈஸ்டருக்கு வேணும், அறுப்புக்கு வேணும், கிறிஸ்துமஸுக்கு வேணும். இன்னிக்கும் வேணும்."

"இன்னிக்கா?"

"புதன்கிழமை சந்தைக்குக் கோல்மன் உங்க ஊருக்கு வரான். கூட்டிட்டு வந்துடுவான்."

"பள்ளிக்கூடம்..."

"டீலியா."

டீலியா ரொம்ப நேரம் குதிரையைப் பார்த்தாள். "அவனுக்குக் கஞ்சியில உப்பு போட்டா பிடிக்காது" என்றாள் கடைசியில். "பால்தான் ஊத்தணும். ராத்திரி போர்வையை உதைச்சுடுவான்."

"சரி."

"நனைஞ்சா இருமல் வரும்."

"சரி டீலியா."

அவள் பையனைக் கூப்பிட்டு முத்தமிட்டு, தம்பிக்குத் துணையாக மூன்று நாள் இருந்துவிட்டு வா என்று சொன்னாள். அத்தை பிள்ளை என்று அதுவரை சொன்னவள், தம்பி என்று சொன்னாள். பையன் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினான். வண்டி கிளம்பும்வரை சரியாகத்தான் இருந்தான். திருப்பத்தில் வண்டி மறைந்ததும் ஓடிப்போய்க் கல்சுவரில் ஏறிக்கொண்டு, "அம்மா! அம்மா!" என்று ஒரு குரல் விட்டான். எதிர்க் கரைப் பாறையில் போய் மோதுகிற குரல்.

"உன் தொண்டை" என்றான் கோல்மன், உள்ளேயிருந்து.

ஊனா நிலைப்படிவரை வந்து நின்றாள். அதற்கு மேல் வரக் கூடாது. சுவரில் ஏறி நிற்கிறவனின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. வாய்வரை வந்த பெயரை நிறுத்தினாள். அதைக் கூப்பிட்டால் திரும்புகிறவன் இவன் இல்லை, தொட்டிலில் கிடக்கிறவன். அந்த இன்னொரு பெயரை அவள் இன்றுவரை சொன்னதே இல்லை. சொல்ல மாட்டேன் என்று கோல்மனிடம் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறாள்.

"ஜாக்" என்றாள்.

அவன் திரும்பினான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"உன் தம்பி கையை ஆட்டி ஆட்டித் தேடுறான். விரலைக் குடுத்துட்டு எடுத்துட்டு வந்துட்டியாம்."

"அவன் தூங்குறான் அத்தை. நான் பாத்தேன்."

"தூக்கத்துலதான் தேடுறான். வந்து பாரேன்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாலையைப் பார்த்தான். வண்டி போன தடம்கூட மழைச் சேற்றில் சரியாகத் தெரியவில்லை. ஊனா அவசரப்படுத்தவில்லை. அவனோடு சேர்ந்து அவளும் அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவனுக்குப் போதும் என்று ஆகிறவரைக்கும்.